மரச்சாவி

பூட்டும் சாவியும் மக்கள் வாழ்வில் மிகப் பழமையான பொருள்கள். இரும்பின் பயன் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்னரே எகிப்து நாட்டு மக்கள் மரத்தாற் பூட்டுச் செய்து, அதனைத் திறக்க மரத்தாலேயே சாவியும் செய்துகொண்டனர். பொருளைக் காக்க எழுந்த பூட்டு, நாளடைவில் மனிதரை அடைக்கவும் பயன்பட்டது. வீட்டுப் பூட்டுக்கும் சிறைப் பூட்டுக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. வீட்டுப் பூட்டின் சாவி உள்ளே வாழ்பவனிடம் இருக்கும். சிறைப் பூட்டின் சாவி வெளியே நிற்பவனிடம் இருக்கும். உள்ளே இருப்பவன் அந்தச் சாவியைக் கண்ணால் மட்டும் காணலாம். கையால் தீண்ட இயலாது.

கண்ணால் மட்டும் காணக்கூடிய அந்தச் சாவியைக் கண்டு கண்டே, அதன் படியை மரத்திற் செதுக்கிக்கொண்டு, காவல் மிகுந்த சிறையொன்றிலிருந்து மூவர் நடந்து வெளியேறிய வரலாறு உண்டு. அவர்கள் சுரங்கம் தோண்டவில்லை; மதிலேறிக் குதிக்கவில்லை; காவலர் எவர்மீதும் கைவைக்கவில்லை. கதவுகளைத் திறந்துகொண்டு, தலைவாயில் வழியே தெருவில் இறங்கினர். அது நிகழ்ந்த இடம் தென்னாப்பிரிக்காவிலுள்ள பிரிட்டோரியா நகரம். நிகழ்ந்த நாள் 1979ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள்.

தென்னாப்பிரிக்கா தமிழருக்குப் புதிய நாடன்று. இளைஞராய் அங்குச் சென்ற காந்தியடிகள் 1893ஆம் ஆண்டு பிரிட்டோரியாவுக்குப் பயணம் செய்தபோதுதான், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், நிறத்தின் காரணமாக மாரிட்சுபர்க் நிலையத்தில் புகைவண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அங்கு நடத்திய அறப்போரில் ஈடுபட்டுச் சிறைபுகுந்த இளநங்கை தில்லையாடி வள்ளியம்மை, சிறையிலுற்ற நோயால் 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உயிர்நீத்தார். ஆதலின் அந்நாட்டுச் சிறைகளின் வரலாற்றில் தமிழரின் கண்ணீரும் கலந்திருக்கிறது.

காந்தியடிகள் இந்தியா திரும்பிய பின்னும் அந்நாட்டில் நிறவேற்றுமை நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சியினர் அதனைச் சட்டமாகவே வகுத்து நிலைநிறுத்தினர். வெள்ளையர் வாழும் இடம் வேறு, பிறர் வாழும் இடம் வேறு; பள்ளிகள் வேறு; மருத்துவமனைகள் வேறு; கடற்கரையில் அமரும் பலகைகளும் வேறு. நாட்டில் மிகுந்த தொகையினரான கறுப்பின மக்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. தாம் பிறந்த மண்ணில் நடமாடுவதற்கே அவர்கள் அனுமதிச் சீட்டு வைத்திருத்தல் வேண்டும். அச்சீட்டு முறையை எதிர்த்து 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் சார்ப்புவில் என்னும் ஊரிற் கூடிய மக்கள்மீது போலீசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அதனையடுத்து ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசு என்னும் இயக்கம் தடை செய்யப்பட்டது. அதன் பெயரால் ஒரு துண்டுத்தாள் வெளியிடுவதும் குற்றமாயிற்று.

அநீதியால் துன்புறுவோர் அதனை எதிர்ப்பது இயல்பு. அநீதியால் நலம் பெறுவோர் அதனை எதிர்ப்பது அரிது. டிம் ஜெங்கின், ஸ்டீபன் லீ என்னும் இளைஞர் இருவரும் அவ்வரிய வகையினர். இருவரும் வெள்ளையர், கேப்டவுன் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். நாட்டின் சட்டங்கள் யாவும் அவர்களுக்குச் சார்பாகவே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் இன்பமாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும் அவர்கள் கண்ணைத் திறந்து பார்த்தனர். கண்டபின் வாளாவிருக்க மனம் இடந்தரவில்லை. இலண்டன் சென்று தடை செய்யப்பட்ட இயக்கத்திற் சேர்ந்து, பயிற்சி பெற்றுத் தாய்நாடு திரும்பினர். மக்கள் கூடும் தெருக்களில் சிறு வெடிகளை வைத்து, அவை வெடிக்கும்போது துண்டுத்தாள்கள் வானிற் பறந்து சிதறுமாறு செய்தனர். மனிதரைக் காயப்படுத்துவது அவற்றின் நோக்கமன்று. பேசுவதற்குத் தடை செய்யப்பட்டதைப் பேசவைப்பதே நோக்கம். 1978ஆம் ஆண்டு இருவரும் பிடிபட்டனர். ஜெங்கினுக்கு 12 ஆண்டுகளும், லீக்கு 8 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அடைக்கப்படுமிடத்திலும் நிறவேற்றுமை அவர்களைத் தொடர்ந்தது. நெல்சன் மண்டேலா முதலிய கறுப்பினத் தலைவர்கள் கடல்சூழ்ந்த ராபன் தீவிற் சிறைவைக்கப்பட்டிருந்தனர். அதே குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவராயினும் வெள்ளையர் அங்கு அனுப்பப்படவில்லை. அவர்களுக்கெனப் பிரிட்டோரியாச் சிறையில் தனிப்பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரே கொள்கைக்காக ஒரே வழக்கில் நின்றவர்களையும் தோலின் நிறம் இருவேறு சிறைகளுக்குப் பிரித்தது.

அவ்வாறு பிரிக்கப்பட்டவருள் ஒருவர் டெனிஸ் கோல்ட்பர்க். அவர் பொறியியல் பயின்றவர். 1964ஆம் ஆண்டு சூன் திங்களில் மண்டேலாவோடு ஒரே நாளில் ஆயுள் தண்டனை பெற்றவர். ஜெங்கினும் லீயும் சிறைபுகுந்த காலத்தில் அவர் அங்கு 14 ஆண்டுகளைக் கழித்திருந்தார். அதே சிறையில் அலெக்ஸ் மூம்பாரிஸ் என்பவரும் இருந்தார். எகிப்து நாட்டிற் பிறந்த கிரேக்க மரபினரான அவர், பிறந்த நாட்டுப் பற்றினால் அன்றி, நீதியின்மேற் கொண்ட பற்றினால் இப்போராட்டத்திற் கலந்து, 1973ஆம் ஆண்டு 12 ஆண்டுத் தண்டனை பெற்றவர்.

சிறைபுகுந்த நாள்முதலே ஜெங்கினின் உள்ளத்தில் வெளியேறும் எண்ணம் குடிகொண்டிருந்தது. லீயும் மூம்பாரிசும் அவ்வெண்ணத்திற் பங்குகொண்டனர். ஆனால் எண்ணம் வேறு, வழி வேறு. சிறையைச் சுற்றி உயர்ந்த மதில், ஆயுதம் தாங்கிய காவலர், இரவெல்லாம் விளக்கொளி. மதிலை நோக்கிச் செல்பவன் துப்பாக்கியை நோக்கிச் செல்பவனாவான். மூவரும் சிறையை ஒரு நூலைப் போலப் பயின்றனர். எந்தக் கதவு எந்நேரம் பூட்டப்படுகிறது, காவலர் எவ்வழியே நடக்கின்றனர், எப்போது எவ்விடத்தில் ஆளரவம் அடங்குகிறது என்பவற்றையெல்லாம் நாள்தோறும் நோக்கி மனத்திற் குறித்துக்கொண்டனர். காவல் முழுவதும் மதிற்புறத்திலேயே மிகுந்திருந்தது. மாலையில் அலுவலர் வீடு திரும்பியபின் தலைவாயிற் பக்கம் காவல் குறைவாயிருந்தது. கைதி ஒருவன் தலைவாயில் வழியே வெளியேறுவான் என்று எவரும் எண்ணியிலர். இடையிலே பூட்டிய கதவுகள் பல நின்றமையே அந்நம்பிக்கைக்குக் காரணம். எவரும் எண்ணாத அவ்வழியையே மூவரும் தேர்ந்தனர். ஆகவே அவர்களுக்கு வேண்டுவது ஏணியன்று, கயிறுமன்று, சாவிகளே வேண்டும்.

சாவி பூட்டைத் திறக்கும் முறையை இங்கே அறிந்துகொள்ளுதல் நலம். பெரிய பூட்டுகளின் உள்ளே மெல்லிய தகடுகள் சில ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவை தாழை நகரவொட்டாமல் தடுத்துக்கொண்டிருக்கும். சாவியின் நுனியிலுள்ள வெட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தகட்டை உயர்த்தும். எல்லாத் தகடுகளும் தத்தமக்குரிய உயரத்தில் ஒருசேர நின்றால்தான் தாழ் நகர வழி பிறக்கும். ஒரு தகடு சற்றே தாழ்ந்து நின்றாலும் பூட்டுத் திறவாது. சற்றே மிகுந்து உயர்ந்தாலும் திறவாது. ஆதலின் சாவி செய்வதற்கு வேண்டுவது வலிமையன்று; அளவு. நூலிழை பிசகாத அளவு.

அந்த அளவை எவ்வாறு பெறுவது? சாவிகள் காவலர் கையிலே இருந்தன. அவர்கள் கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் கைதிகளின் கண்முன்னரே அவை ஆடின. ஜெங்கின் அவற்றை நோக்கினார். ஒரு நாளன்று, பல நாள் நோக்கினார். வெட்டு எத்தனை, ஒன்றைவிட மற்றொன்று எவ்வளவு ஆழம் என்பதைக் கண்ணாலேயே அளந்தார். சாவித்துளையின் அகலத்தையும் ஆழத்தையும் தனியே அளந்துகொண்டார். கண்டதையும் அளந்ததையும் சேர்த்துத் தாளிலே சாவியின் வடிவத்தை வரைந்தார். காவலர் நாள்தோறும் தம் இரகசியத்தைக் கைதியின் கண்முன் ஆட்டிக்காட்டிக்கொண்டு நடந்தனர். பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அவர்கள் அறியவில்லை. எல்லாரும் காண்பதையே அவரும் கண்டார். ஆனால் எல்லாரும் கண்டு மறப்பதை அவர் கண்டு நினைவிற்கொண்டார்.

சாவி செய்வதற்கான பொருளையும் சிறையே கொடுத்தது. கைதிகள் வேலை செய்வதற்குத் தச்சுப்பட்டறை ஒன்று அங்கு இருந்தது. உளியும் அரமும் மரத்துண்டும் அங்குக் கிடைத்தன. மரத்துண்டைச் சாவியாகச் செதுக்குவது எளிதன்று. இரும்பைப் போல மரம் முறுக்கைத் தாங்காது. வெட்டுகளுக்கு இடையேயுள்ள மெல்லிய பகுதி பூட்டிற்குள் முறிந்துபோனால், முறிந்த துண்டே மறுநாள் சாட்சி சொல்லிவிடும். பொறுமையாகச் செதுக்கி, அரத்தால் தேய்த்து, பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிடின் மீண்டும் தேய்த்து, முதற் சாவியை ஜெங்கின் செய்து முடித்தார். அவருடைய அறையின் உட்புறக் கம்பிக்கதவு அம்மரச்சாவிக்கு இணங்கித் திறந்தது. அரசின் எஃகு மரத்துண்டுக்கு வழிவிட்டது.

ஒவ்வோர் அறைக்கும் கதவுகள் இரண்டு. உட்புறத்தில் கம்பிக்கதவு, அதற்கு வெளியே கனத்த எஃகுக் கதவு. எஃகுக் கதவின் பூட்டு வெளிப்பக்கத்தில் மட்டுமே இருந்தது. உள்ளேயிருந்து அதனைத் தொடவும் வழியில்லை. சாவி இருந்தும் பயனில்லாத இந்நிலையிற் பலர் முயற்சியைக் கைவிட்டிருப்பர். ஜெங்கின் கதவைவிட்டுச் சுவரை நோக்கினார். நடைவழியைப் பார்க்கச் சிறு சாளரம் ஒன்று அங்கு இருந்தது. துடைப்பத்தின் நீண்ட கோலொன்றை எடுத்து, அதன் முனையில் சாவியைப் பொருத்தி, உள்ளிருந்து திருப்பினால் வெளியே சாவி சுழலுமாறு ஒரு பொறி அமைத்தார். சாளரத்தின் வழியே கோலை நீட்டி, வெளிப்பூட்டில் சாவியை நுழைத்துத் திருப்பினார். கதவு திறந்தது. ஒவ்வொரு நாளும் தரையைப் பெருக்கக் கொடுத்த துடைப்பக் கோலே வாயிலைத் திறக்கும் கைநீளமாயிற்று.

இனி எஞ்சியவை நடைவழியிலும் அதற்கப்பாலும் உள்ள கதவுகள். ஒவ்வொன்றிற்கும் ஒரு சாவி வேண்டும். ஒவ்வொரு சாவிக்கும் மீண்டும் நோக்குதல், அளத்தல், செதுக்குதல், ஒளித்து வைத்தல். செய்த சாவி பொருந்துமா என்பதைக் கதவருகே சென்று பார்த்தாலன்றி அறிய இயலாது. காலடி ஓசை கேட்டவுடன் மூச்சையடக்கி நிற்றல் வேண்டும். ஒரு சாவி அகப்பட்டாலும் உழைப்பனைத்தும் பாழாம், தண்டனையும் கூடும். இவ்வாறு ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது. அக்காலம் முழுவதும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், கொடுத்த வேலையைச் செய்துகொண்டு, ஏனைய கைதிகளைப் போலவே அவர்கள் நடந்துகொண்டனர்.

இம்முயற்சி மூவருடையது மட்டுமன்று. அச்சிறு பகுதியில் வாழ்ந்த தோழர்களுக்கு மறைத்து இதனைச் செய்தல் இயலாது, மறைப்பது முறையுமன்று. ஏனெனில் மூவர் வெளியேறினால் அதன் பயனாக வரும் துன்பத்தை எஞ்சியிருப்போரே ஏற்றல் வேண்டும். விசாரணையும் கடுங்காவலும் உரிமைக் குறைவும் அவர்கள் தலையில் விழும். இதனை நன்கறிந்தும் தோழர்கள் தடைசொல்லவில்லை. இயன்ற உதவியைச் செய்தனர். கோல்ட்பர்க் தாம் உடன்செல்லாமல், செல்வோர்க்கு வழியமைத்துத் தரும் பொறுப்பை ஏற்றார். ஆயுள் முழுவதும் சிறையிலிருக்க விதிக்கப்பட்ட ஒருவர், 12 ஆண்டும் 8 ஆண்டும் தண்டனை பெற்றோர் விடுதலை பெற உதவினார் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழும்.

1979ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மாலை வந்தது. வழக்கம்போலக் கைதிகள் தத்தம் அறைகளில் அடைக்கப்பட்டனர். இரவுக் காவலர் ஒருவர் பொறுப்பேற்றார். மூவரும் தம் படுக்கைகளில் துணிகளை அடுக்கி, போர்வையின்கீழ் மனிதர் உறங்குவதுபோலத் தோன்றச் செய்தனர். ஒளித்துவைத்திருந்த உடையை எடுத்துக்கொண்டனர். கம்பிக்கதவு திறந்தது, எஃகுக் கதவு திறந்தது. நடைவழிக்கு வந்த மூவரும் காவலர் கண்ணிற் படாதபடி மறைவிடமொன்றில் ஒடுங்கி நின்றனர். குறித்த நேரத்தில் கோல்ட்பர்க் தம் அறையில் ஏதோ கோளாறு நேர்ந்ததெனக் கூறிக் காவலரை அழைத்தார். காவலர் மாடிக்குச் சென்று அவருடன் பேசிக்கொண்டிருந்தார். கோல்ட்பர்க் பேச்சை நீட்டினார். அவர் நீட்டிய ஒவ்வொரு சொல்லும் கீழே நடந்த மூவருக்கு ஒரு கதவாயிற்று.

ஒரு கதவைத் திறப்பது, வெளியேறுவது, ஐயம் எழாதபடி மீண்டும் மூடுவது. பின் அடுத்த கதவு. பல திங்கள் செதுக்கிய மரச்சாவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் கடமையைச் செய்தன. இறுதியில் தெருவை நோக்கிய கதவு ஒன்றே எஞ்சியது. அதற்கப்பால் மக்கள் நடமாடும் ஓசை கேட்டது. சாவியை நுழைத்துத் திருப்பினர், பூட்டுத் திறக்கவில்லை. மற்றொரு சாவியை நுழைத்தனர், அதுவும் பயன்படவில்லை. பல கதவுகளைக் கடந்த அறிவு கடைசிக் கதவின்முன் திகைத்து நின்றது.

அதுவரை எவ்விடத்திலும் கீறலும் இல்லாமல் வெளியேற வேண்டுமென்பதே அவர்கள் எண்ணம். கதவுகள் பூட்டியவாறே இருக்க, கைதிகள் மட்டும் மறைந்தனர் என்றால் சிறையதிகாரிகள் திகைப்பர், தேடுதலும் தாமதமாகும். அவ்வெண்ணத்தை இப்போது கைவிட வேண்டியதாயிற்று. திரும்பிச் சென்று அறைகளில் அடைந்துகொண்டு மற்றொரு நாளுக்குக் காத்திருப்பதா, தடயம் விட்டாலும் துணிந்து செல்வதா என்னும் கேள்வி எழுந்தது. மூம்பாரிஸ் கருவியொன்றை எடுத்துக் கதவின் நிலையைச் செதுக்கலானார். மரஞ்சிதையும் ஓசை அமைதியில் இடிபோல ஒலித்திருக்கும். தாழ் பற்றியிருந்த இடம் சிதைந்தது, கதவு திறந்தது. மூவரும் தெருவில் இறங்கி, அலுவல் முடித்து வீடு திரும்பும் மக்களோடு மக்களாய் நடந்தனர். பின்னர் வாடகைக் கார் ஒன்றில் ஏறிச் சென்றனர். மறுநாட் காலையிலேதான் மூவரையும் காணாமை சிறையதிகாரிகளுக்குத் தெரியவந்தது.

நாட்டின் நாற்புறமும் போலீசார் தேடினர். அதற்குள் அவர்கள் எல்லை கடந்து, சுவாசிலாந்து, மொசாம்பிக்கு ஆகிய நாடுகளை அடைந்தனர். பின்பு சாம்பியா நாட்டின் தலைநகராகிய லுசாக்காவில் தம் இயக்கத் தலைவர் ஆலிவர் தாம்போவைச் சந்தித்தனர். 1980ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர்கள் உலகத்தின்முன் தோன்றியபோது, அசைக்க முடியாதது என்று கருதப்பட்ட ஆட்சியின் பூட்டு மரத்தாலும் திறக்கும் என்பதை மக்கள் உணர்ந்தனர்.

பிரிட்டோரியாவில் எஞ்சியோர் நிலை வேறாயிற்று. எதிர்பார்த்தவாறே கடுமை கூடியது. அவர்கள் மரணதண்டனை பெற்றோரை அடைத்துவைக்கும் கடுங்காவற் சிறைக்குச் சில காலம் மாற்றப்பட்டனர். தூக்கிலிடப்படும் நாளை எதிர்நோக்கியிருந்தோர் ஒருவருக்கொருவர் ஆறுதலாகப் பாடிய பாடல்களை அவர்கள் சுவரின் வழியே கேட்டனர். மூவர் அடைந்த விடுதலைக்கு எஞ்சியோர் கொடுத்த விலை இது. இவ்விலையைச் சொல்லாமல் அவ்விடுதலையை மட்டும் புகழ்தல் நிறைவான வரலாறாகாது.

சிறையினின்று தப்பியோடுதல் அறமாகுமா என்று மாணவர் வினவுதல் கூடும். கிரேக்க அறிஞர் சாக்கிரட்டீசு நஞ்சுண்ணுமாறு தண்டிக்கப்பட்டபோது, அவரைச் சிறையிலிருந்து மீட்க நண்பர்கள் வழி செய்தனர். தாம் வாழ்நாளெல்லாம் இசைந்து வாழ்ந்த நகரத்தின் சட்டத்தை இறுதியில் மீறுதல் தகாது என்று கூறி அவர் மறுத்தார். காந்தியடிகளின் வழி நின்றோரும் சிறையைத் தாமே நாடிச் சென்று, தண்டனையை மனமுவந்து ஏற்று, அதனாலேயே ஆள்வோரின் உள்ளத்தை அசைத்தனர். அவ்வழி உயர்ந்த வழி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எல்லாச் சட்டமும் ஒரு தன்மையது அன்று. சட்டத்திற்குக் கட்டுப்படும் கடமை, அதனை வகுப்பதில் மக்களுக்குள்ள பங்கினின்று பிறப்பது. தென்னாப்பிரிக்காவில் மிகப் பெரும்பாலான மக்களுக்கு அப்பங்கு மறுக்கப்பட்டிருந்தது. ஜெங்கினுக்கும் லீக்கும் வாக்குரிமை இருந்தது. இல்லாதவர்களின் பொருட்டே அவர்கள் சிறைபுகுந்தனர். களவும் கொலையும் செய்து தண்டனைக்கு அஞ்சி ஓடுபவன் தன்னைக் காத்துக்கொள்ள ஓடுகிறான். இவர்களோ விட்ட பணியை மீண்டும் தொடங்குவதற்காகவே வெளியேறினர். ஆகவே தப்பினர் என்னும் செயலை மட்டும் பார்த்து முடிவு கூறுதல் சாலாது. எதிலிருந்து தப்பினர், எதற்காகத் தப்பினர், தப்பியபின் என்ன செய்தனர் என்னும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

தப்பியபின் ஜெங்கின் என் செய்தார்? இலண்டனில் தங்கி இயக்கப் பணியைத் தொடர்ந்தார். 1980க்குப் பின்வந்த ஆண்டுகளின் இறுதியில், நாட்டினுள் மறைந்து பணியாற்றுவோரும் வெளிநாட்டிலிருந்த தலைவர்களும் தம்முள் செய்தி பரிமாற வழியின்றி இடர்ப்பட்டனர். தொலைபேசியை அரசு ஒட்டுக்கேட்டது. கடிதங்களைப் பிரித்துப் பார்த்தது. ஜெங்கின் கணிப்பொறியின் துணைகொண்டு, செய்தியை எவரும் படித்தறிய இயலாத மறைமொழியாக மாற்றி, அதனை ஒலியாக்கித் தொலைபேசி வழியே அனுப்பும் முறையை அமைத்தார். சிறையில் பிறர் பூட்டிய பூட்டுகளைத் திறந்த அவர், வெளியே பிறர் திறக்க இயலாத பூட்டு ஒன்றை ஆக்கினார். மண்டேலா சிறையில் இருந்த கடைசிக் காலத்தில் அவர்க்கும் தாம்போவுக்கும் இடையே செய்தி சென்றதும் இவ்வழியாலேயே. 1987ஆம் ஆண்டு அவர் தம் சிறைமீட்சியின் வரலாற்றை நூலாக எழுதினார். அது 2020ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வெளிவந்தது.

கோல்ட்பர்க் 1985ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் விடுதலை பெற்றார். சிறையில் அவர் கழித்தது 22 ஆண்டுகள். 1990ஆம் ஆண்டு இயக்கத்தின் மீதிருந்த தடை நீங்கியது, மண்டேலா சிறைமீண்டார். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 27ஆம் நாள், தென்னாப்பிரிக்க மக்கள் அனைவரும் நிறவேறுபாடின்றி வரிசையில் நின்று முதன்முறையாக வாக்களித்தனர். பல்லாண்டுகளாக ஒரு நாடே அடைபட்டிருந்த சிறையின் கதவு அன்று திறந்தது. கோல்ட்பர்க் 2020ஆம் ஆண்டு இயற்கையெய்தினார்.

கதவு திறந்தது என்று கூறும்போது அதனைத் திறந்தவர் யாவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். சாவியைச் செதுக்கியவர் ஒருவர். கடைசிக் கதவின்முன் மனந்தளராமல் கருவியை எடுத்தவர் மற்றொருவர். இவர்களை உலகம் அறியும். காவலரைப் பேச்சில் நிறுத்திவைத்து, மூவரின் காலடி ஓசை தேய்ந்து மறைவதை உள்ளத்தாற் கேட்டுக்கொண்டு, தம் அறையிலேயே தங்கிவிட்டவரை அறிவோர் சிலரே. அவருக்கு அன்றிரவு எந்தக் கதவும் திறக்கவில்லை. ஆயினும் அம்மூவர் கடந்த ஒவ்வொரு கதவிலும் அவருடைய கையும் இருந்தது.

கூர்ந்து நோக்குபவனுக்குச் சிறையும் பாடசாலையாகும். பொறுமையுள்ளவனுக்கு மரமும் இரும்பாகும். தான் நுழைய முடியாத வாயிலைப் பிறர்க்குத் திறந்துவிட்டு மகிழ்பவர் இருக்கும் வரையில், எந்தப் பூட்டும் உலகில் நிலைத்த பூட்டாகாது.